சூடத்தின் மேல் நின்ற கை

நம் மாநிலக் குழு கோல் போட்டால் ஈப்போ அரங்கத்தில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து குதிப்போம். அவர் மட்டும் உட்கார்ந்துவிடுவார். அதுவரை நின்றபடியே ஆட்டம் பார்த்த மனிதர், பந்து வலைக்குள் போன நொடியில் தொப்பென்று உட்கார்ந்து, முன்னால் குதிக்கிறவர்களின் கால்களுக்கு நடுவே எதையோ தேடுவார். முதல் தடவை பார்த்தபோது மாரடைப்புதான் என்று நினைத்து அவர் சட்டைப் பொத்தானை அவிழ்க்கப் போய்விட்டேன்.

"என்னாண்ணே, நெஞ்சு வலிக்குதா?"

"கால எடு டிரைவரே. லைன்ஸ்மன் கொடி தெரியல."

கொடி ஏறவில்லை, கோல் செல்லும் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்து கை தட்டுவார். அதற்குள் நாங்கள் ஆடி ஓய்ந்து உட்கார்ந்திருப்போம். பின்னால் ஒரு ஆள் மட்டும் தனியாக நின்று கை தட்டிக்கொண்டிருப்பார். தெரியாதவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்களுக்கு வெட்கமாக இருக்கும்.

அவர் பேரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நாங்கள் குடியிருக்கிற புந்தோங்கில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். அவரைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசினவர்கள் அதில் நிறையப் பேர். அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவன் நான்தான். அதனால் பேர் வேண்டாம்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். திங்கள் முதல் வெள்ளி வரை பிள்ளைகள், ஆட்டம் இருக்கிற சனிக்கிழமையில் பெரிய பிள்ளைகள். என்னையும் சேர்த்து எட்டுப் பேர். எல்லாரும் பத்து காஜாவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்தை வெட்டி எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள், பிறகு செம்பனையையும் வெட்டி வீடமைப்புப் பகுதி கட்டினார்கள். நாங்கள் புந்தோங் அடுக்குமாடிக்கும் தரை வீட்டுக்குமாகச் சிதறிப்போனோம். தோட்டத்து முனியாண்டி சாமியைக்கூட ஒரு லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து அடுக்குமாடிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வைத்தோம். தோட்டத்துக்கு என்று ஒரு காற்பந்துக் குழு இருந்தது. அதை மட்டும் ஏற்றிக்கொண்டு வர முடியவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்த மாநிலக் குழுப் பைத்தியம்.

வேனில் ஒரு சட்டம் உண்டு. ஆட்டம் முடிந்து திரும்பும்போது ஆட்டத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. ஒரு தடவை பின்னால் நடந்த அடிதடியைத் திரும்பிப் பார்க்கப் போய் வண்டியை ரோட்டோரச் சாக்கடைக் காவாயில் விட இருந்தேன். அன்றைக்குப் போட்ட சட்டம். எல்லாவற்றையும் அடக்கி வைத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் சீனர் கோப்பிக்கடையில் பசியாறும்போதுதான் பேச வேண்டும். கடை முதலாளி தவுக்கே எங்களுக்கென்று வெளியே ஒரு மேசை போட்டுவிடுவார், உள்ளே மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்று.

அந்த மேசையில் ஏழு பேர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

வேண்டுமென்றே மாற்றிப் பேசுகிற ஆள் இல்லை அவர். பல நாள் எங்களோடு ஒத்தும் போவார். ஆனால் நாங்கள் ஆசையைப் பேசுவோம், அவர் பார்த்ததைப் பேசுவார். அதுதான் சிக்கல். எங்கள் ஆள் கையில் பந்து பட்டால், "பட்டுச்சு, நான் பார்த்தேன்" என்பார். ரெப்ரி எங்களுக்கு விரோதி என்று நாங்கள் கூச்சல் போட்டால், "ரெப்ரி சரியாத்தான் ஊதினான். நம்ம டிஃபெண்டர்தான் தூங்கிட்டான்" என்பார். அண்ணே, நீங்க யார் பக்கம்ணே என்று வீடு வீடாகக் கேஸ் தோங், அதாவது சிலிண்டர், போடுகிற மாரி தலையில் அடித்துக்கொள்வான்.

"நம்ம பக்கந்தான்லா. அதுக்காகக் கண்ண வீட்டுல வச்சிட்டா வர முடியும்?"

ஒரு தடவை சிலாங்கூர்க்காரர்களோடு ஆட்டம். கடைசி நிமிடத்தில் நாம் கோல் போட்டோம். அரங்கமே அதிர்ந்தது. இந்த மனிதர் உட்கார்ந்தார், பார்த்தார், எழுந்தார். எழுந்து, நம் ஆட்கள் நடுவிலேயே நின்றுகொண்டு, "ஆப்சைட்!" என்று கத்தினார். முன்வரிசையில் இருந்த ஒருவன் திரும்பி, கையில் பிளாஸ்டிக் பையில் இருந்த ஐஸ் தேத்தண்ணியை அப்படியே அவர் முகத்தில் வீசினான். சண்டைக்குப் போகத் தயாராக நானும் மாரியும் சட்டைக் கையைச் சுருட்டினோம். அவர் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த ஆளிடம் அமைதியாகக் கேட்டார்: "தே ஊத்தினா ஆன்சைட் ஆயிருமா தம்பி?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வீசினவனும் சிரித்துவிட்டான். கோலை ரெப்ரி ரத்து செய்தது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அவர் பத்து காஜாவில் ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். நோயாளியை நாற்காலியிலும் கட்டிலிலும் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வேலை. நீல நிறச் சீருடை, வெள்ளைச் சப்பாத்து. அங்கே தினமும் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார். தோட்டத்து ஆட்கள், எங்கள் சொந்தக்காரர்கள், கடன்காரர்கள், கள்ளத்தனமாக எதையோ மறைத்துக்கொண்டு வருகிறவர்கள். ஒரு நாள்கூட ஒரு வார்த்தை வெளியே வராது. மாரியின் மாமனார் அங்கே மூன்று நாள் படுத்திருந்ததை மாரிக்கே அவர் சொல்லவில்லை. "ஏன்ணே, நீங்க பார்க்கலையா?" என்று மாரி கேட்டதற்கு, "அங்க நான் தரையத்தான் பார்ப்பேன். தண்ணி கிண்ணி சிந்தி இருந்தா வண்டி வழுக்கிரும்" என்றார். அவ்வளவுதான். மாரி ஒரு மாதம் பேசவில்லை.

அவர் பாராட்டினால் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். என் தம்பி சசி மாநிலக் குழுவில் முதல் முதலாக இறங்கின ஆட்டத்துக்கு அடுத்த நாள், மேசையில் எல்லாரும் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினோம். அதற்கு என்ன அர்த்தம்? அவன் முதுகில் சாணி ஒட்டி இருந்தாலும் அன்றைக்குப் பாராட்டியிருப்போம். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து, மென்று, விழுங்கி, அதற்கப்புறம் சொன்னார்.

"பந்து வாரதுக்கு முன்னாலயே பையன் எடத்தப் பார்த்துர்றான். அது சொல்லிக் கொடுத்து வாரதில்ல. நல்லா வருவான்."

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். பத்திரிகையில் படம் வந்ததைவிட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுதேன்.

சசி எங்களுக்கு வெறும் தம்பி இல்லை. மாநிலக் குழுவில் நம் பையன் ஒருத்தன் பேரைப் பார்த்து எத்தனை வருடம் ஆகியிருந்தது! தோட்டத்து ஆட்கள் எல்லாரும் அவனைத் தங்கள் வீட்டுப் பிள்ளை என்றே பேசினார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வேன் கிளம்பும். பெண்கள் அவன் பேருக்கு அர்ச்சனை செய்தார்கள். மேசையில் எழுதாத ஒரு சட்டம் வந்தது: நம் பையனை வெளி ஆள் காதுபட யாரும் குறை சொல்லக் கூடாது. பக்கத்து மேசையில் மலாய்க்காரர்களும் சீனர்களும் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது வருடம் அவர் அந்தச் சட்டத்தை உடைத்தார்.

"சசிய ரெண்டு மூணு மாசம் உக்கார வைக்கணும்" என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லார் காதிலும் விழுகிற மாதிரி.

முந்தின நாள் நாம் ஜெயித்திருந்தோம். கோலுக்குப் பந்து கொடுத்ததே சசிதான்.

"ஏன்ணே?" என்றான் குணா. காவலாளியாக ஜாகா வேலை பார்க்கிறவன், பொறுமைசாலி.

"ஓட்டம் சரியில்ல. திரும்ப வேண்டிய எடத்துல நின்னுர்றான். பையன இறக்கறது தப்பு."

அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரம் அரங்கத்திலேயே எழுந்து நின்று, பயிற்றுநர் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து, "ஏழாம் நம்பர வெளிய எடு! எடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஏழாம் நம்பர் என் தம்பி. என் அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்து வேனில் ஏறும்போது அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார், "டிரைவரே, தம்பி வீட்டுக்கு வந்தானா? படி ஏறும்போது பார்த்தியா?"

சசி அப்போது மற்ற ஆட்டக்காரர்களோடு வாடகை வீட்டில் தங்கியிருந்தான். மாதம் ஒரு தடவை வருவதே பெரிது. "அவன் படி ஏறுறது உங்களுக்கு எதுக்கு? அவன் ஏறுறத பார்க்கத்தான் உங்களுக்கு முடியலையே" என்று கத்திவிட்டேன். அவர் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் கத்தினதை யார் யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று தெரியாது, ஆனால் அந்த வாரமே பேச்சு பரவிவிட்டது. வயிற்றெரிச்சல். அவருடைய மகனும் முன்பு மாநில இளையோர் குழுவுக்குத் தேர்வுக்குப் போயிருந்தான். எடுக்கவில்லை. அதற்குத்தான் இந்த ஆள் நம் பையனைக் கரித்துக் கொட்டுகிறார் என்றார்கள். மகனை எடுக்காதபோது அதே மேசையில் அவர் என்ன சொன்னார் என்று எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. "வேகம் பத்தாது. சரியாத்தான் கழிச்சிருக்காங்க" என்றார். அதைக் கேள்விப்பட்டு அந்த மகன் அப்பனோடு முகம் கொடுத்துப் பேசாமல் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பெற்ற மகனுக்கே பொய் சொல்லாதவர், என் தம்பி விஷயத்தில் மட்டும் ஏன் பொய் சொல்லப்போகிறார்? எவனாவது ஒருத்தன் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசியாறி முடித்ததும் அவரை முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தோட்டத்தில் பெரிய தகராறு வந்தால் இப்படித்தான் தீர்ப்போம். தட்டில் சூடத்தை ஏற்றி, சாமி முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அப்படி அணைத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் ஒரு கேள்வி கேட்கக் கூடாது. பொய் சொல்லி அணைத்தவனைச் சாமி பார்த்துக்கொள்ளும்.

மாரி சூடத்தை ஏற்றினான்.

"வயித்தெரிச்சல்ல பேசலேன்னு சத்தியம் பண்ணுங்கண்ணே. அத்தோட முடிஞ்சிச்சு" என்றான் குணா. அவனுக்கு எப்படியாவது சமாதானமாகிவிட்டால் போதும்.

"பண்றேன்" என்றார். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வலது கையை நீட்டினார்.

அங்கே முடிந்திருக்க வேண்டும். நான் விட்டேனா? எனக்குத்தான் வாயில் சனியன் உட்கார்ந்திருந்ததே!

"அது பத்தாது" என்றேன். "திடல்ல பார்த்தத வச்சு மட்டுந்தான் சொல்றேன், மனசுல வேற எதுவுமே இல்ல, அப்பிடின்னு சொல்லி அணைக்கட்டும்."

அவர் கை சூடத்தின் மேல் நின்றுவிட்டது. உள்ளங்கைக்குக் கீழே தீ ஆடியது. சுடும் தூரம்தான், ஆனாலும் கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். கண்ணாடி இல்லாத அவர் முகத்தை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன், ரொம்பக் களைத்திருந்தது. பிறகு கையை மெதுவாகப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"அப்பிடிச் சொல்ல முடியாது டிரைவரே."

"ஏன் முடியாது?"

"முடியாது."

"அப்போ மனசுல என்னமோ இருக்கு!"

"இருக்கு" என்றார். "அத சொல்லவும் முடியாது."

சூடம் தானாக எரிந்து அணைந்தது. அதற்கு மேல் எங்களுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அவர் அந்த இடத்தை விட்டுப் போவதற்குள் நான் கைப்பேசியை எடுத்து, எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை நீக்கினேன். அந்தச் சத்தம் அவர் சட்டைப் பையில் கேட்டதா தெரியாது. "இனி வேன்ல எடம் இல்ல" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். பதினாறு வருடமாக என் வேனில் வந்த மனிதர்.

அதற்குப் பிறகு அவர் மோட்டாரில் தனியாக வந்தார். எதிர்ப்பக்க மூலையில் யாருமில்லாத படியில் நின்று ஆட்டம் பார்ப்பார். சசி பந்தைத் தொடும்போதெல்லாம் அங்கிருந்து அந்தக் குரல் வரும், "வெளிய எடு!" எங்கள் பக்கத்திலிருந்து அவரைக் கேலி செய்து கூவினோம். நம் குழு ஆதரவாளரைப் பார்த்து நாமே கூவினோம்.

இரண்டு மாதம் கழித்து, பாரிட் புந்தாரிலிருந்துகூட ஆட்கள் பஸ் வைத்து வந்த ஒரு பெரிய ஆட்டத்தில், சசி விழுந்தான். பக்கத்தில் யாருமே இல்லை. பந்தை வாங்கித் திரும்பினான், கால் அங்கேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. அவன் போட்ட சத்தம் மேலே எங்களுக்குக் கேட்டது. வலது முட்டி. அறுவை சிகிச்சை செய்தார்கள், கம்பி வைத்தார்கள். இனி ஆட முடியாது என்று மருத்துவர் எங்களிடம் சொன்னபோது அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆள் விழுந்ததுக்குக் காரணம் வேண்டுமே. எங்களிடம் ரெடியாக ஒரு காரணம் இருந்தது. கருநாக்கு. சொல்லிச் சொல்லியே பையனைச் சாய்த்துவிட்டார் என்றார்கள். யார் சொன்னார்கள் என்று மறைப்பானேன், நானும் சொன்னேன். ஒரு மாலையில் என் அம்மா அவர் வீட்டு வாசலுக்குப் போய், கேட்டுக்கு வெளியே நின்று, "என் புள்ள கால முறிச்சிட்டியே, நீ நல்லா இருப்பியா" என்று கத்தி, மண்ணை வாரி அவர் வீட்டைப் பார்த்துத் தூற்றினாள். நான் வேனில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு உள்ளே அவர் நின்றிருந்தார். நகரவில்லை. அவர் மனைவிதான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார், "அவரு நல்லதுக்குத்தான்கா சொன்னாரு, நல்லதுக்குத்தான் சொன்னாரு" என்று.

பிறகு அந்த வீட்டுக்கு என்னென்னவோ நடந்தது. கோயிலில் அந்த அக்காவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவர் தெருவில் வந்தால் கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு கல்யாணத்தில் அவர் சாப்பிட உட்கார்ந்த வரிசை முழுக்க எழுந்து வேறு வரிசைக்குப் போனது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார் என்று மாரி வந்து சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

ஆறேழு மாதம் ஓடியது. சசியைப் பயிற்சி சிகிச்சைக்கு நான்தான் வேனில் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு நாள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்தில் அவர் மோட்டார் வந்து நின்றது. எங்களைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியை இறக்கி, "போகுது பாரு கருநாக்கு" என்று அவர் காதில் விழும்படி சொன்னேன். விளக்கு மாறியது, அவர் போய்விட்டார்.

"வண்டிய ஓரமா நிறுத்துண்ணே" என்றான் சசி.

நிறுத்தினேன். அவன் அழுதுகொண்டிருந்தான். அறுவை சிகிச்சை அன்றைக்குக்கூட அவன் அப்படி அழவில்லை.

"அவருக்கு முன்னாலயே தெரியும்ணே. என் முட்டி எப்பவோ போயிருச்சு. குழு டாக்டருக்குத் தெரியக் கூடாதுன்னு பத்து காஜாவுல போயி ஸ்கேன் எடுத்தேன். என்னைய நாற்காலியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போனதே அவருதான். ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னப்ப அவரு பக்கத்துலதான் நின்னாரு."

நான் வண்டியின் எஞ்சினை அணைத்தேன்.

"காலப் புடிச்சுக் கெஞ்சினேன்ணே, வீட்டுல சொல்லாதீங்கன்னு. காண்ட்ராக்ட் முடியிற நேரம். நீங்கள்லாம் தேங்கா ஒடச்சிட்டு வேன்ல வந்து உக்காந்திருக்கீங்க, நான் எப்பிடிண்ணே பெஞ்சுல உக்காருவேன்? அவரு சொன்னாரு, 'ஆஸ்பத்திரில பார்த்தத நான் வெளிய பேசறதில்ல. நீ பயப்படாத. ஆனா திடல்ல நீ நொண்டினா அத நான் சொல்லுவேன், அத மட்டும் தடுக்காத'ன்னு."

"அப்புறம் ஏன்டா இத்தன நாளு சொல்லல? அம்மா மண்ணை வாரித் தூத்தினப்பவாவது சொல்லியிருக்கலாமேடா!"

"சொன்னா எல்லாரும் என்னையத்தான திட்டுவீங்க" என்றான். இருபத்து மூன்று வயதுப் பையன். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். யாரை அடிப்பது?

அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போனேன். பின்பக்கத்தில் மோட்டார் கழுவிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வா டிரைவரே என்று பழையபடிதான் கூப்பிட்டார். நான் தரையில் விழுந்தேன். அவர் கூச்சப்பட்டு என்னைத் தூக்கினார், கையெல்லாம் சவர்க்கார நுரை.

"ஏன்ணே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. சூடத்துக்கு முன்னால நின்னப்பவாவது..."

"அது உன் தம்பியோட விஷயம். என்னுது இல்லையே."

"பொய்யாவாவது ஒரு சத்தியம் பண்ணிட்டுப் போயிருக்கலாமேண்ணே!"

அவர் குனிந்து மோட்டார் சக்கரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். அவர் மனைவி பின்வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

எல்லாருக்கும் நானே சொன்னேன். மாரி, குணா, எல்லாரும் ஒவ்வொருத்தராகப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். என் அம்மா மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். பிறகு பழத்தட்டோடு போய் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாட்ஸ்அப் குழுவில் அவரைத் திரும்பச் சேர்த்தேன். வேனில் அவருக்கு முன்னிருக்கையைக் கொடுத்தோம். வந்தார். கூப்பிட்ட உடனே வந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். கேவலம், நமக்கு எவ்வளவு சுலபமாக எல்லாம் சரியாகிவிடுகிறது!

முதல் சில ஞாயிற்றுக்கிழமைகள் மேசையில் அவர் வாய் திறக்கவில்லை. பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தோம். பிறகு பேச ஆரம்பித்தார். மாரி ஒன்று சொன்னால், "ஆமா, மாரி சொல்றது சரி" என்பார். குணா அதற்கு நேர் எதிராக ஒன்று சொன்னால், "அதுவும் சரிதான்" என்பார். மாரிக்குச் சந்தோஷம். "அண்ணே இப்பத்தான்லா நம்ம ஆளு" என்று அவர் தோளைத் தட்டினான். எனக்குத் தட்டத் தோன்றவில்லை.

கடைசியாக நாங்கள் சேர்ந்து பார்த்த ஆட்டம். அடுத்த மாதம் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார், அப்போது அது யாருக்குத் தெரியும். ஆட்டம் சமநிலையில் முடிய இருந்தபோது நம் முன்வரிசை ஆட்டக்காரன் பெனால்டி கட்டத்துக்குள் விழுந்தான். ரெப்ரி ஊதினார். ஜெயித்தோம். எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஆனால் நான் பார்த்தேன். அவனை யாருமே தொடவில்லை. தானாக விழுந்தான். எங்கள் வரிசைக்கு நேர் முன்னால் நடந்தது, அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை மேசையில் எல்லாரும் பெனால்டிதான், பெனால்டிதான் என்று குதித்தார்கள். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லிவிடு அண்ணே, மற்ற ஆறு பேரும் உன்மேல் பாயட்டும், நான் உன் பக்கம் நிற்கிறேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. அது பெனால்டியா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சொல்றாங்கல்ல. பெனால்டிதான்" என்றார், கோப்பியைக் கலக்கியபடி.

என்னால் தாங்க முடியவில்லை. "இல்லண்ணே! எவனும் தொடல, அவன் தானாத்தான் விழுந்தான். நீங்க பார்த்தீங்கண்ணே, உங்களுக்குத் தெரியும்!"

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டதோ என்ற பயம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் டிரைவரே" என்றார்.